அரைப் பேரு

இராக்கம்மாவின் வலது கை நடுங்குவதை ஐந்து மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, எழுதியும் வைத்திருந்தேன். என்னுடைய பதினெட்டுப் பக்க அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் ‘பதற்றத்தின் உடல் வெளிப்பாடு’ என்று ஆங்கிலத்தில் அது இருக்கிறது. அந்தப் புதன்கிழமை அவர் பிளேன்டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கோப்பையை வாய்க்குக் கொண்டுவராமல் வாயைக் கோப்பைக்குக் கொண்டுபோனார். ஐயோ பாவம் என்று நினைத்தேன். அந்தக் கைக்கும் எனக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று அப்போதும் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்பில் எனக்கு நேர்முகத் தேர்வு. மருத்துவ உளவியலில் மேற்படிப்புக்கு. அதை முடித்தால்தான் என்னை உளவியலாளர் என்று யாராவது மதிப்பார்கள். முடிக்காத வரை நான் உளவளத் துணையாளர் முஹ்ஸினா. அதாவது நம்பர் கொடுப்பவள், ஃபைல் தேடுபவள், அழுகிறவர்களுக்கு டிஷ்யூ நீட்டுபவள், டொக்டருக்குத் தமிழைச் சிங்களமாக்கிச் சொல்பவள். இது மூன்றாவது தடவை. முதல் தடவை எழுத்துப் பரீட்சையிலேயே போயிற்று. இரண்டாவது தடவை நேர்முகம் வரைக்கும் போனேன். பரீட்சைப் பயத்தில் சோறு இறங்காமல் போன ஒரு பிள்ளையின் கதையைக் கொண்டுபோயிருந்தேன். நரைத்த கொண்டை போட்ட தலைவி மெடம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, “இதில் ஆழம் இல்லையே” என்றார். ஆழம் வேண்டுமென்றால் கிணற்றைப் போய்ப் பாருங்கள் என்று வாய் வரை வந்தது. “சரி மெடம்” என்று சொல்லிவிட்டுப் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

இந்தத் தடவை ஆழம் இருந்தது. இராக்கம்மா இருந்தார்.

எங்கள் கிளினிக் பதுளை பஸாரிலிருந்து ஏறும் ஒரு சந்தில், பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. மாதத்தில் இரண்டு புதன்கிழமை டொக்டர் ரணவீர வருவார். காலை எட்டு மணிக்கே படிக்கட்டு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடிய முன்னரே பஸ் பிடித்து வந்தவர்கள், கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கீழேயிருந்து வரும் பணிஸ் வாசத்தில் பசியோடு இருப்பார்கள். டொக்டருக்கு ஐந்தாறு தமிழ்ச் சொல் தெரியும். ‘தூக்கம்’, ‘சாப்பாடு’, ‘வலி’ என்று கேட்பார். மிச்சமெல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். அறுபது பேரின் துக்கத்தை ஒரே நாளில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், என் பிள்ளை பசிக்கிறது என்று சொல்வதுகூட ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கும். உம்மா சொல்வார், “பைத்தியங்களோட பேசிப் பேசி ஒனக்கும் புடிக்கப் போவுது.” பிடித்தாலாவது லீவு கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இராக்கம்மா முதல் தடவை வந்தது பத்து மாதத்துக்கு முன்பு. தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், வயது நாற்பத்தொன்பது. மகள் தனுஜா பதுளையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறாள். ஒன்பது மணிக்குக் கடை திறக்கும் என்பதால் அம்மாவைப் படிக்கட்டில் உட்காரவைத்து, ஒரு துண்டுக் கடதாசியில் ‘நித்திரை இல்லை, தனியப் பேசுகிறார்’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். ஃபைலில் நான்தான் விபரம் நிரப்பினேன். கணவர் பெயர் என்று கேட்டபோது அந்த அம்மா பேசாமல் அடையாள அட்டைகள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அதிலிருந்த மரணச் சான்றிதழைப் பார்த்து எழுதினேன்: துரைசாமி. இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

டொக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். “என்னக்கா கஷ்டம்?”

“எனக்கு இப்பல்லாம் அரைப் பேருதாங்க மிஸ்.”

“பேரா?”

“ஆமாங்க. முன்னல்லாம் முழுப் பேருதான். இவுக போனதுக்கப்பறம் ஒடம்புல தெம்பு இல்ல. தொர வந்து நின்னுக்கிட்டு பேர வெட்டிப்புடுறாரு. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டேன்.”

எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. ஃபைலை ஒரு தடவை பார்த்தேன். துரைசாமி. குரலை இயல்பாக வைத்துக்கொண்டு, பயிற்சியில் படித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். “தொர எப்ப வருவாரு?”

“காலையிலங்க. மலையில நிக்கறப்ப பின்னாடி வந்து நிப்பாரு. சத்தமே கேக்காது.”

“ஒங்களோட பேசுவாரா?”

“ஏசுவாருங்க. இந்த வயசுல ஒனக்கு எதுக்குப் பேருன்னுவாரு.”

“மத்தவங்களுக்கும் அவரு தெரிவாரா?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “தெரியாம? அவரப் பாத்தா எல்லாருக்குந்தான் பயம்.”

டொக்டரின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன்: இறந்துபோன கணவர் காலையில் பின்னால் வந்து நிற்கிறாராம், ஏசுகிறாராம், இவருடைய பெயரைப் பாதியாக வெட்டிவிடுகிறாராம், இவருக்கு இப்போது பாதிப் பெயர்தானாம். காலையிலிருந்து இருபத்திரண்டு பேருக்குக் குனிந்தபடியே எழுதிக்கொண்டிருந்த மனிதர் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதத் தொடங்கியது. ஒளிப்பானேன், அந்தக் கணத்தில் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. ஒரு மனுஷி எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், எனக்கோ கேஸ் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளை மாத்திரை தொடங்கியது. நித்திரை வந்தது என்றார். ஆனால் அடுத்தடுத்த தடவை வரும்போது பேர் இன்னும் குறைந்திருந்தது. “இப்ப வாரத்துல நாலு நாளைக்கு அரைப் பேரு மிஸ்.” சொன்னேன். டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். “இப்ப அரைப் பேருகூட விழல மிஸ்.” சொன்னேன். மறுபடி கூட்டினார். “கை எப்படி?” என்று ஒரு தடவை டொக்டரே கேட்டார். “பரவால்லைங்க” என்று இராக்கம்மா சேலைத் தலைப்புக்குள் கையை இழுத்துக்கொண்டார். டொக்டருக்கு முன்னால் பரவாயில்லை என்று சொல்லாத தோட்டத்து ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து, மகனைப் படிக்கவைத்துவிட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். ‘துக்கத்திலிருந்து சுயத்தின் சிதைவுக்கு: தன் பெயரை இழந்துகொண்டிருக்கும் ஒரு பெண்.’ நிறுவனத்தில் அனுமதி எடுத்து, பெயரை மாற்றி, மேற்கோள்களெல்லாம் போட்டு. விண்ணப்பத்தோடு சேர்த்துக் கேட்கும் ஒரு பக்கக் கடிதத்தில், ‘இந்த மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே காதுகொடுக்க ஒருவர் வேண்டும், நான் அந்த மொழியைப் பேசுகிறவள்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்தப் புதன்கிழமை தனுஜா கடைக்கு ஓடாமல் அம்மாவோடு மேலே ஏறி வந்துவிட்டாள். கதவருகே நின்றாள். இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, கடையின் யூனிஃபோம் சேலையில், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு.

“மிஸ், எனக்கு ஒரு லெட்டர் வேணும்.”

“என்ன லெட்டர்?”

“தோட்டத்துக்கு. அம்மாவுக்குக் கை வெறைச்சிப் போச்சு, கொழுந்து கிள்ள முடியல. மொதல்ல அரைப் பேரு, அப்பறம் அதுவும் இல்ல. இப்ப தொர பேரையே வெட்டப் போறேன்னுட்டாரு. இந்த மாசத்தோட காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கே வராதன்னுட்டாரு. பேர வெட்டுனா நாளைக்கு நாங்க இருக்கிற லயத்துக் காம்பராவையும் கேப்பாங்க. அதான், மருந்தாலதான் கை இப்பிடின்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா…”

பேரு, தொர, வெட்டுறது. அதே மூன்று சொற்கள். பைத்தியமில்லாத ஒரு பிள்ளையின் வாயில்.

“தொரைன்னா… ஒங்க அப்பாவா?”

நான் நோயாளிகளைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். “அப்பாவா? அப்பா செத்து வருசம் தாண்டிருச்சு மிஸ். நான் சொல்றது தோட்டத்துத் தொர. மனேஜரு.”

“இல்ல, அம்மா தொர தொரன்னு சொன்னது…”

“அம்மா அப்பா பேர வாயால சொன்னதே இல்ல மிஸ். கிராம சேவகர் கேட்டாக்கூட என் மொகத்தத்தான் பாப்பாங்க.”

“அப்ப அரைப் பேருன்னா?”

“அரை நாள் சம்பளம். சொன்ன கிலோ வராட்டி அரைப் பேருதான் போடுவாங்க.” என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு கோபமில்லாமல், “நீங்க டவுனு ஆளு. ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தொரை என்றால் தோட்டத்து மனேஜர் என்பது பதுளையில் பிறந்த பூனைக்கும் தெரியும். எங்கள் வாப்பாவின் கடைக்கு ஒரு தொரையின் ஜீப் வந்து நின்றால் கதிரை துடைத்துப் போட்டவள் நான். கணவர் பெயர் கேட்டதற்கு உறையை நீட்டிய பெண், அடுத்த நிமிஷமே அதே பெயரைத் தொர தொர என்று கூப்பிடுவாளா என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஆழம் தேடிக்கொண்டிருந்தேன்.

இராக்கம்மா கோப்பையிலிருந்து முகத்தை எடுத்தார். மேலுதட்டில் தேத்தண்ணி ஒட்டியிருந்தது. “மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியும்டி” என்றார் மகளிடம். “எத்தன தடவ சொல்லியிருக்கேன். ஒண்ணு விடாம எழுதிக்கிட்டாங்க.”

டொக்டரிடம் சொல்லப் பகல் சாப்பாட்டு நேரமாயிற்று. சோற்றுப் பார்சலை விரித்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். பேர் என்றால் சம்பள நாள், அரைப் பேர் என்றால் அரை நாள், துரை அவருடைய கணவர் இல்லை. சிங்களத்தில் சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. இரண்டு சொல். டொக்டர் பார்சலை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இராக்கம்மாவின் ஃபைலைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை மெதுவாகப் புரட்டினார்.

“நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஃபைலை மூடிவிட்டு, “நீங்கள் சொன்னதை மட்டும் எழுதினேன். கையைப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. அது உங்கள் பிழை இல்லை” என்றார்.

மருந்தைச் சட்டென்று நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும் என்றார். கை பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்காகும். கணவரை இழந்த துக்கம் உண்மை, நித்திரையின்மை உண்மை, அதற்கு வேறு விதமாகப் பார்க்கவேண்டும், அது உங்கள் வேலை. கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள், என்ன நடந்தது என்று தெரிந்தவர் நீங்கள்தானே, நான் கையெழுத்து வைக்கிறேன் என்றார். பிறகு, “கொழும்புக்கு அனுப்பியிருப்பது இந்தக் கேஸைத்தானே?” என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் பார்சலை மறுபடி விரித்தார்.

என் கணவர் நிஸாம் அன்று மஃரிப் தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்த்தே விஷயம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். பஸாரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருக்கும் மனிதர், எது பழுது என்று பார்த்தவுடன் சொல்வதுதான் அவருக்குத் தொழில். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த மனிசிக்கு மருந்து கொறச்சாச்சி, லெட்டரும் குடுக்கிற. அது சரிதானே?” என்றார்.

“அறிக்கை?”

“அது எனத்துக்கு? கொழும்புல ஈக்கிறவங்களுக்கு அரைப் பேரும் தெரியா, முழுப் பேரும் தெரியா. நீ வாயத் தொறக்காட்டி ஒருத்தருக்கும் வெளங்காது.”

“எனக்கு வெளங்குமே.”

அவர் கோப்பையை வைத்தார். “முஹ்ஸினா, இது மூணாவது தடவ. ஏழு வருஷமா நீ படிக்கிற, நான் புள்ளையப் பாக்கிறன். நான் ஒண்ணும் சொல்லல்ல. ஆனா எனக்கும் களைச்சிப் போச்சி.” குரல் உயரவேயில்லை. “நீ பாஸ் பண்ணி வந்தா இன்னும் எத்தன பேருக்கு நல்லது செய்வாய். அந்த ஒரு மனிசிக்காக எல்லாத்தையும் கொட்டிட்டு வரப்போறியா?”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் தொல்லை. கெட்ட மனிதர் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கடிதத்தை வெள்ளிக்கிழமை எழுதினேன். பதினெட்டுப் பக்கம் எழுதியவளுக்கு ஒரு பக்கம் எழுத மூன்று மணித்தியாலம் போனது. ‘எங்கள் தரப்பில் ஏற்பட்ட மொழித் தவறினால் தேவையில்லாத மருந்து கொடுக்கப்பட்டது, கைகளின் நடுக்கம் அந்த மருந்தினால் வந்தது, இவர் வேலையில் அசிரத்தை காட்டியதனால் அல்ல.’ கீழே, ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வந்த டொக்டரின் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது. ஒரு பிரதி எடுத்து ஃபைலில் போட்டேன். இன்னொரு பிரதியை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தனுஜாவிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். திங்கட்கிழமை நானே போனேன். முதல் பஸ்ஸில் தெமோதரைக்கு, அங்கிருந்து ஒரு ஓட்டோவில் மேலே. கொழும்புக்குப் போகும் துணிப் பையும் என்னோடுதான், திரும்பி வந்து தெமோதரை ஸ்டேஷனிலேயே கோச்சி ஏறலாம் என்று. இத்தனை வருடமாக அந்த மலைகளைப் பஸ் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். பெரட்டு நடக்கும் இடத்தை அன்றுதான் பார்த்தேன். ஃபெக்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தகரக் கொட்டகை. முன்னால் மண் தரை. நாற்பது, ஐம்பது பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தலையில் துணி சுற்றிக்கொண்டு, பனிக்குள் நின்றார்கள். கங்காணி கொப்பியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். தன் பெயர் காதில் விழுந்தவர் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். பேர் என்றால் அதுதான். பத்து மாதமாக அந்த அம்மா எனக்குச் சொல்ல முயன்றதெல்லாம் இந்த மண் தரையில் எல்லோருக்கும் கேட்கும்படி தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தது.

இராக்கம்மா வரிசையில் இல்லை. ஓரத்தில், வராதே என்று சொன்னாலும் வந்து நிற்பவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார். என்னைக் கண்டதும், “ஐயையோ மிஸ், இந்தப் பனியில எதுக்கு வந்தீங்க?” என்று ஓடிவந்தார். மருந்தால் வந்த நடை, கால் இழுபட்டது.

“அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்னத நான் பிழையா விளங்கிட்டேன். பேருன்னா ஒங்க சொந்தப் பேருன்னு நெனச்சிட்டேன். தொரைன்னா ஒங்க வீட்டுக்காரருன்னு நெனச்சிட்டேன். அதனாலதான் அந்த மருந்து. ஒங்க கை இப்பிடியானது என்னாலதான்.”

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முதலில் வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டார். “அவுகளா? அவுக எதுக்கு மிஸ் என் பேர வெட்டப் போறாக?” பிறகு சிரிப்பு நின்றது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. “அப்ப நீங்க எழுதுனது?”

“என்ன?”

“நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே இருந்தீங்களே. தொரைக்குத்தான் எழுதுறீங்கன்னு நெனச்சேன். டவுனுல இருந்து லெட்டர் வந்தா பயப்படுவாருன்னு. அதுக்காகத்தான் தவறாம வந்தேன். அதுக்காகத்தான் மாத்தரையும் முழுங்குனேன். பத்து மாசமா பதில் வரும், பதில் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

நான் அழுதேன். உளவளத் துணையாளர் நோயாளிக்கு முன்னால் அழக்கூடாது என்று படித்தது ஞாபகம் இருந்தது. இருந்தும் அழுதேன். நடுங்கும் கையால் அவர்தான் என் முதுகைத் தடவினார்.

துரை ஜீப்பில் வந்தார். என் வயதுதான் இருக்கும், முகத்தில் நித்திரை போதாத களைப்பு. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். “அப்படியென்றால் இவருக்குப் பைத்தியம் இல்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். மூன்று மாதம் பார்க்கிறேன், அதற்குள் கை சரிவரவேண்டும், அதுவரை லேசான வேலை, அரை நாள் மட்டும் என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. கங்காணியிடம் போய் ஏதோ சொன்னார். கங்காணி கொப்பியில் குனிந்தார்.

“இராக்கம்மா!”

அவர் கையை உயர்த்தினார். அந்த வலது கையை, இடது கையால் முழங்கையில் தாங்கிப் பிடித்து. கங்காணி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிய பிறகும் அந்தக் கை இறங்கவில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“அரைப் பேரு போட்டுட்டாங்க மிஸ்!”

கிளினிக்குக்கு முதல் தடவை வந்தபோது அழுதுகொண்டு சொன்ன அதே சொல்.

கோச்சியில் ஜன்னலோரம் கிடைத்தது. அப்புத்தளை தாண்டும் வரை அந்தப் பதினெட்டுப் பக்கத்தை வாசித்துக்கொண்டு போனேன். எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. போனவுடனேயே, உட்கார முன்னரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் மனப்பாடமும் செய்தேன். ராவைக்குத் தெமட்டகொடையில் ஒரு மாமி வீட்டில் தங்கினேன். நிஸாம் அனுப்பிய செய்தியில் துஆ செய்கிறேன் என்று மட்டும் இருந்தது.

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் அதே கொண்டை மெடம். நான் வாயைத் திறக்க முன்னரே அவர் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, “இருபது வருடமாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன், இப்படி ஒன்றை வாசித்ததில்லை” என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துத் தலையாட்டினார். மனப்பாடம் செய்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தாறு வயதில் ஒருவர் என்னை முதல் தடவையாக உளவியலாளர் மாதிரிப் பார்க்கிறார். ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று இருந்துவிட்டேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். பத்து நிமிஷம் சொன்னேன். நன்றாகவும் சொன்னேன்.

“இப்போது அந்தப் பெண் எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார் மெடம்.

“பெயர் முழுவதுமாகப் போய்விடும் நிலையில் இருந்தது” என்றேன் ஆங்கிலத்தில். “நேற்றுக் காலை பாதிப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது.”

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். மூன்று பேனாவும் கடதாசியில் ஓடும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பேக்கரி மாடியில் டொக்டரின் பேனா ஓடியதும் இப்படித்தான். நான் சொன்னதை, நான் சொன்னதை மட்டும்.

“எழுதாதீங்க.”

தமிழில்தான் வந்தது. அவர்களில் யாருக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எப்போது எழுந்து நின்றேன் என்றும் தெரியாது. கைப்பையிலிருந்து எடுத்த அந்தக் கடிதப் பிரதியின் ஒற்றைத் தாளை மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தேன். மூன்று பேனாவும் அந்தரத்தில் நின்றன. தாள் படபடத்தது. மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். விசிறி ஓடவில்லை.